ரோமியோ, ஜூலியட் சாவுக்கு யார் பொறுப்பு? வகுப்பில் விசாரணை நடத்தும் விதம்

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேஷம் போட்டுக்கொண்டு தேர்வுத்தாளில் வந்துவிடும். பதிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரும். இரண்டு பேர் குடும்பத்துக்கும் நடுவில் இருந்த பகைக்குக் கால் பக்கம், விதிக்குக் கால் பக்கம், இளவயது அவசரத்துக்குக் கால் பக்கம், பாதிரியாருக்குக் கால் பக்கம், கடைசியில் ‘ஆக எல்லோருமே பொறுப்பு’ என்று ஒரு பெரிய கும்பிடு. இருபத்திரண்டு வருடமாக பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். எல்லோரும் பொறுப்பு என்று எழுதுகிற பிள்ளை யாரையுமே விசாரிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதனால் நான் விசாரணை வைப்பேன். ஐம்பது நிமிட வகுப்பு இரண்டு போதும், மூன்று கிடைத்தால் ராஜயோகம். கல்லூரி வகுப்புதான் வேண்டும் என்றில்லை, நாலைந்து பேர் சேர்ந்து படிக்கிற குழுவிலும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. படம் பார்த்ததையோ வேறெங்கோ கதை கேட்டதையோ வைத்துக்கொண்டு யாரும் வாதாட வரக்கூடாது. ஷேக்ஸ்பியருக்கு முன்னால் இத்தாலியில் புழங்கிய பழைய கதைகளில் ரோமியோவின் உயிர் போவதற்கு முன்பே ஜூலியட் கண் விழித்துவிடுவாள், இருவரும் பேசிக்கொள்வார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அந்தக் கருணை கிடையாது. இதைத் தெரியாமல் ஒரு வருடம் ஒரு பையன் ‘அவள் விழித்ததும் ரோமியோ என்ன சொன்னான்?’ என்று குறுக்கு விசாரணை செய்து, வகுப்பே சிரித்து, அன்றைய வழக்கு அதோடு முடிந்தது. மூன்றாம் அங்கம் முழுக்க, நாலாம் அங்கத்தின் முதல் இரண்டு காட்சிகள், ஐந்தாம் அங்கம் முழுக்க. இவ்வளவையாவது புத்தகத்தில் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

முதல் வேலை, பிணங்களை எண்ணுவது. கரும்பலகையில் எண் போடச் சொன்னால் இரண்டு என்பார்கள். கொஞ்சம் யோசித்து நாலு. ஒருத்தி, ஜூலியட்டுக்கு வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைச் சேர்த்து ஐந்து என்பாள். ஆறாவது ஆள் மாண்டேகின் மனைவி, ரோமியோவின் அம்மா. மகனை நாடு கடத்திய துக்கத்தில் அன்றிரவுதான் செத்துப்போனாள் என்று கடைசிக் காட்சியில் மாண்டேக் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். இத்தனை வருடத்தில் அந்த அம்மாவைத் தானாக ஞாபகம் வைத்துச் சொன்னவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

இந்த எண்ணிக்கை எதற்கென்றால், ஆறு சாவையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ‘எல்லோரும் பொறுப்பு’ என்ற இடத்தில்தான் போய் நிற்போம். பிரித்துப் பாருங்கள். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவைக் குத்தியது ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட், ஆனால் ‘எலி பிடிக்கிறவனே, வாடா’ என்று வாளை உருவியது மெர்குஷியோதான். வெயில் காய்கிறது, ஆளுக்காள் ரத்தம் கொதிக்கும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று கூட இருந்த நண்பன் பென்வோலியோ முதலிலேயே சொல்லியிருக்கிறான். ரோமியோ நல்லெண்ணத்தில் நடுவே புகுந்து கையை நீட்ட, அந்தக் கைக்குக் கீழாகத்தான் கத்தி பாய்கிறது. டிபால்ட்டைக் கொன்றது ரோமியோ, அதில் பேச்சே இல்லை. கல்லறைக்குப் பூவோடு வந்த பாரிஸைக் கொன்றதும் ரோமியோதான். ‘என் தலையில் இன்னொரு பாவத்தை ஏற்றாதே, போய்விடு’ என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் குத்துகிறான் என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். காதலுக்காகச் செத்தவன் என்று நாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் பையன் தன் கையால் இரண்டு கொலை செய்தவன் என்பது பலகையில் எழுதிய பிறகுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

இரண்டாவது வேலை, மணிக்கணக்கு. ஒரு சார்ட் பேப்பர், ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து கட்டம். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஆர்தர் புரூக் 1562-ல் வெளியிட்ட ஒரு நீளமான கவிதையிலிருந்து. அங்கே கதை மாதக்கணக்கில் நகரும், ஜூலியட்டுக்கு வயது பதினாறு. இவர் அதை ஐந்து நாளுக்குள் அடைத்து, பெண்ணுக்குப் பதினாலு முடிய இன்னும் இரண்டு வாரத்துச் சொச்சம் இருக்கிறது என்று ஆயாவும் அம்மாவும் பேசிக்கொள்ளும்போது தெரியவைக்கிறார். ஏன் இப்படி நெருக்கினார் என்பதற்குச் சார்ட்டே பதில் சொல்லும்.

ஞாயிறு காலையில் தெருச் சண்டை, இரவு விருந்து, அதே இரவில் மாடத்துக்குக் கீழே பேச்சு. திங்கள் பிற்பகல் ரகசியக் கல்யாணம். டிபால்ட் ‘ஒரு மணி நேரமாகத்தான் எனக்கு உறவு’ என்று ரோமியோ சொல்லும்போது இரண்டு பிணம் விழுந்தாகப் போகிறது. திங்கள் இரவு அவர்களுக்கு முதல் இரவு, செவ்வாய் விடிந்ததும் பிரிவு. செவ்வாய் இரவு ஜூலியட், செத்ததுபோலக் கிடக்கவைக்கும் மருந்தைக் குடிக்கிறாள். புதன் காலை ஒப்பாரி, புதன் இரவு கல்லறை, வியாழன் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சார்ட் போடும்போது கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து நிற்கும். மருந்து 42 மணி நேரம் வேலை செய்யும் என்கிறார் அதைக் கொடுத்த லாரன்ஸ் பாதிரியார். செவ்வாய் நள்ளிரவு குடித்தால் வியாழன் மாலைதானே விழிக்க வேண்டும்? ஆமாம், கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. நாடகக் கொட்டகையில் யாரும் விரல் விட்டு எண்ணியிருக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளையைப் பாராட்டிவிட்டு மேலே போய்விடுங்கள், இல்லையென்றால் அரை மணி நேரம் அதிலேயே கரையும்.

சார்ட்டில் நிஜமாகவே உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் வேறு. திங்கள் இரவு ஜூலியட்டின் அப்பா கேப்யூலட் பாரிஸுக்குப் பெண் கொடுப்பதாக முடிவு செய்கிறார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்றதும், ‘புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழன் வைத்துக்கொள்வோம்’ என்கிறார். இதே மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை ‘இன்னும் இரண்டு கோடை போகட்டும், பெண்ணின் சம்மதம் முக்கியம்’ என்று பெரிய மனுஷனாகப் பேசியவர். செவ்வாய்க்கிழமை ஜூலியட் வந்து மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டதும் சந்தோஷம் தாங்காமல், நாளைக்கே கல்யாணம் என்கிறார். நாளை என்றால் புதன். ரொம்பச் சீக்கிரம் என்று தன் வாயாலேயே சொன்ன அதே புதன். சாமான் பத்தாது, வியாழன்தான் சரி என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை.

அந்த ஒரு நாளுக்கு என்ன விலை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாதிரியாரின் திட்டப்படி அவள் புதன் இரவுதான் மருந்து குடிக்க வேண்டும். நாடு கடத்தப்பட்ட ரோமியோ இருக்கும் மாண்டுவா ஊருக்கு இந்தத் திட்டத்தைச் சொல்லும் கடிதம் கொண்டுபோன ஜான் பாதிரியார் அதைக் கொடுக்க முடியாமல் திரும்பி வந்து நிற்பதும் புதன் இரவுதான். அப்பா தேதியை மாற்றாமல் இருந்திருந்தால், கடிதம் போகவில்லை என்று தெரியவரும்போது குப்பி அவள் கையிலேயே இருந்திருக்கும், அல்லது அப்போதுதான் குடித்திருப்பாள். இன்னொரு ஆளை அனுப்ப முழுசாக ஒரு நாளுக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். இந்த இடத்தில் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். ஒரு கல்யாண வீட்டு உற்சாகம், அவ்வளவுதான். கெட்ட எண்ணம் துளி இல்லை.

மூன்றாவது வேலை, சாட்சிகளைக் கூப்பிடுவது. ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்து மூன்றே கேள்வி. அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரியும்? என்ன செய்தாய்? வேறு என்ன செய்திருக்க முடியும்? முதல் கேள்விதான் உயிர். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததைத் திட்டுவது சுலபம், அதை இந்தக் கேள்வி தடுத்துவிடும்.

கேப்யூலட்டிடம் கேட்டால், மகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக, பதிமூன்று வயதுப் பெண்ணிடம் ‘பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் செத்துப் போ’ என்று கத்தியது இல்லையென்று ஆகிவிடாது. ஒரு மாதம், ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள் என்று அவள் அம்மாவின் காலைப் பிடிக்கிறாள். அம்மா பேசவே மறுத்துவிட்டுப் போகிறாள். ஆயாவுக்கோ எல்லாம் தெரியும். கல்யாணத்துக்குத் தூது போனவளே அவள்தான். அவளே ‘பாரிஸோடு வைத்துப் பார்த்தால் ரோமியோ பாத்திரம் துடைக்கிற துணி, பேசாமல் பாரிஸைக் கட்டிக்கொள்’ என்கிறாள். அந்த நிமிடத்தில் ஜூலியட்டுக்கு வீட்டில் ஆளே இல்லாமல் போகிறது. ஆயாவாக உட்காரும் பிள்ளை சிரிப்பு மூட்டியே தப்பித்துவிடப் பார்க்கும், விடாதீர்கள்.

மருந்துக்கடைக்காரனை மறக்காமல் கூப்பிடுங்கள். மாண்டுவாவில் விஷம் விற்றால் மரண தண்டனை. நாற்பது டக்கட் பணத்தை நீட்டியதும் ‘என் வறுமை சம்மதிக்கிறது, என் மனசு சம்மதிக்கவில்லை’ என்று கொடுத்துவிடுகிறான். ரோமியோவும் ‘உன் வறுமைக்குத்தான் பணம் கொடுக்கிறேன்’ என்கிறான். நாடகத்திலேயே மிகத் தெளிவான வாக்குமூலம் இவனுடையதுதான். தெரிந்தே செய்தவன். ஆனால் இவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த வகுப்பும் இதுவரை சம்மதித்ததில்லை.

ஆட்சியாளர் எஸ்கலஸுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். மூன்று கலவரம் ஆன பிறகு, இனிமேல் தெருவில் சண்டை போட்டால் தலை போகும் என்றார். அடுத்த நாளே சண்டை வந்தது, நாடு கடத்தலோடு விட்டார். கடைசியில் ‘உங்கள் சண்டையைக் கண்டும் காணாமல் இருந்ததால் நானும் இரண்டு சொந்தக்காரர்களை இழந்தேன்’ என்று அவரே ஒத்துக்கொள்கிறார். நம் பிள்ளைகள் பாண்டியன் நெடுஞ்செழியனைப் படித்து வளர்ந்தவர்கள். தப்பு தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிரை விட்ட ராஜாவைப் பார்த்தவர்களுக்கு எஸ்கலஸின் வருத்தம் கொஞ்சம் உப்புச் சப்பில்லாமல்தான் தெரியும். அப்படி ஒரு பெண் சொன்னபோது எனக்கே புல்லரித்தது.

நாலாவது, ‘விதி’ என்ற சொல்லுக்கு முதல் வகுப்பு முடியும்வரை தடை போடுங்கள். முன்னுரையாக வரும் பதினாலு வரிப் பாட்டிலேயே நட்சத்திரம் சதி செய்த காதலர் என்று வருகிறதே என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எதெல்லாம் யார் கையிலும் இல்லாமல் நடந்தது என்று தனியாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். நினைத்ததைவிடக் குட்டையாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கேப்யூலட் வீட்டு வேலைக்காரன், விருந்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைப் படித்துக் காட்டும்படி தெருவில் ரோமியோவையே கேட்டது தற்செயல். ஜான் பாதிரியார் துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி நோயாளிகள் இருக்கும் வீட்டுக்குப் போக, கொள்ளைநோய் வீடு என்று சந்தேகப்பட்டு அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரை வைத்தது தற்செயல். வாசிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் ஆரம்பித்து, போய்ச் சேராத ஒரு காகிதத்தில் முடிகிற கதை. நடுவில் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார்.

2020-க்கு முன்னால் இந்த முத்திரை வைத்த கதவை விளக்க நான் படாத பாடு படுவேன். லண்டனில் 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் நாடகக் கொட்டகைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன, பார்க்க வந்தவர்களுக்கு அது நேற்று நடந்த சங்கதி என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். தலையாட்டுவார்கள். வாசலில் தகரம் அடித்த வீடுகளைப் பார்த்த பிறகு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வரி போதுகிறது.

சரி, இப்போது லாரன்ஸ் பாதிரியார். பல வருடம் நான் இவர் பக்கம்தான் பேசினேன். பாவம், நல்லது செய்யப் போனவர், பகை தீரும் என்று நம்பிக் கல்யாணம் செய்துவைத்தவர். என் தீர்ப்பு எப்போதும் கேப்யூலட்டுக்கு எதிராகத்தான் இருக்கும். அதை மாற்றியது கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற ஒரு மாணவன். ஒருநாள் எழுந்து, ‘மேம், பால்தசாருக்கு ஏன் யாருமே சொல்லல?’ என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை. அவன் புத்தகத்தைத் திறந்து காட்டினான். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ரோமியோவை மாண்டுவாவுக்கு அனுப்பும்போது பாதிரியார் ஒரு ஏற்பாடு சொல்கிறார். உன் வேலைக்காரனைப் பிடித்து, இங்கே நடக்கிறதை அவ்வப்போது அவன் மூலமாகச் சொல்லி அனுப்புகிறேன் என்கிறார். அந்த வேலைக்காரன்தான் பால்தசார். ஆனால் நாலாம் அங்கத்தில் திட்டம் போடும்போது வேறொரு துறவியிடம் கடிதம் கொடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார், அப்படியே செய்கிறார். பால்தசார் கதை நடக்கும் வெரோனாவில்தான் இருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமை ஜூலியட்டை அடக்கம் செய்வதை அவன் தன் கண்ணால் பார்க்கிறான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே மனிதர் அங்கேயே நின்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறார். பால்தசார் விசுவாசமான பையன், நேராகத் தபால் குதிரை ஏறி மாண்டுவாவுக்குப் போய்விடுகிறான். சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரம்.

அங்கே ரோமியோ அவனைப் பார்த்ததும் கேட்கிறான்: பாதிரியார் கடிதம் கொடுத்தனுப்பவில்லையா? செய்தி கேட்டு இடிந்துபோன பிறகும் இன்னொரு தடவை கேட்கிறான்: பாதிரியாரிடமிருந்து கடிதம் எதுவும் இல்லையா? இல்லை, ஐயா. சரி, பரவாயில்லை, போய் குதிரை பிடித்து வை. இரண்டு தடவை கேட்கிறான் என்பதை அந்தப் பையன் சொல்லித்தான் நான் கவனித்தேன். நடத்தி நடத்தி மனப்பாடமான காட்சி அது.

அன்றிலிருந்து நான் இந்தச் சாட்சிக்கு இருபது நிமிடம் ஒதுக்குகிறேன். தெரிந்தது என்ன என்ற கேள்விக்கு ‘எல்லாமே’ என்று பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். கல்யாணம், மருந்து, கடிதம், கல்லறை எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, ஜூலியட்டைத் தவிர இன்னொருவருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. மெதுவாகப் போ, வேகமாக ஓடுகிறவன் தடுக்கி விழுவான் என்று இரண்டாம் அங்கத்தில் ரோமியோவுக்குப் புத்தி சொன்னவர், கடைசி இரவில் கல்லறைகளில் கால் தடுக்கித் தடுக்கி ஓடி வருகிறார். ரோமியோ வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்கிறான் பால்தசார். உள்ளே ஜூலியட் கண் விழிக்கிறாள். காவலர் வரும் சத்தம் கேட்கிறது. ‘இனி ஒரு நொடியும் நிற்க எனக்குத் தைரியமில்லை’ என்று சொல்லிவிட்டு, கணவன் பிணத்தோடும் குத்துவாளோடும் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறார். பிறகு எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், அது உண்மை. ஆனாலும்.

பாதிரியாராக உட்காரும் மாணவன் நன்றாக வாதாடுகிறவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வகுப்பு அவனைத் துவைத்துப் போட்டுவிடும். அவனுக்கு நான் எடுத்துக் கொடுக்கிற ஒரு பாயிண்ட்: ரோமியோ கல்லறையில் ஜூலியட்டின் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று தன் வாயாலேயே வியக்கிறான். பார்க்கிறான், சொல்லவும் செய்கிறான், ஒரு நிமிடம் பொறுக்க மட்டும் தோன்றவில்லை.

ஐந்தாவது, தீர்ப்பு. ஆறு சாவுக்கும் தனித்தனியாக ஒரு பெயர், ஒரு வரிக் காரணம், அந்தக் காரணத்துக்கு அங்கம், காட்சி எண். ஒரே பெயரை ஆறுக்கும் போடக்கூடாது, எல்லோரும் என்று போட்டால் பூஜ்யம். என் தாளில் இப்போது ஜூலியட்டுக்கு நேராக அப்பாவும் ரோமியோவுக்கு நேராகப் பாதிரியாரும் இருக்கிறார்கள். மாண்டேகின் மனைவிக்கு நேராக மகன் பெயரையே எழுதியிருக்கிறேன், அதற்கு ஒவ்வொரு வருடமும் எதிர்ப்பு வரும்.

நான் கெட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இதை நடத்தியபோது வகுப்பை ‘காதலர் கட்சி’, ‘பெற்றோர் கட்சி’ என்று இரண்டாகப் பிரித்தேன். பத்து நிமிடத்தில் வெரோனா காணாமல் போய், யார் வீட்டில் யார் ஓடிப்போனார்கள் என்று ஊர்க்கதை ஆகிவிட்டது. ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் கட்சி பிரிப்பதில்லை, யாரும் சொந்த வீட்டுக் கதை சொல்ல வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். திடீரென்று பேச்சை நிறுத்திக்கொள்கிற பிள்ளையைக் கண்ணில் வைத்திருந்து, வகுப்பு முடிந்ததும் ‘வா, ஒரு டீ குடிக்கலாம்’ என்று கூட்டிப் போவேன். தற்கொலையை யாராவது அழகான முடிவு என்று எழுதினால் அந்தத் தாளுக்குக் கீழே குறிப்பு எழுதிக் கொடுப்பதோடு விடாமல், நேரில் பேசுவேன்.

வீட்டுப் பாடம் ஒன்று உண்டு. யாரை மன்னிப்பது, யாரைத் தண்டிப்பது என்று புரூக் தன் கவிதையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆயாவை நாடு கடத்துகிறார்கள், மருந்துக்கடைக்காரனைத் தூக்கில் போடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் எஸ்கலஸ் சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பட்டியலை எழுதி வரச் சொல்வதுதான் என் பழைய வழக்கம். பால்தசார் விஷயம் புரிந்த பிறகு அதை மாற்றிவிட்டேன். இப்போது கேட்பது இதுதான்: செவ்வாய்க்கிழமை பாதிரியாரின் இடத்தில் நீ இருந்தால் பால்தசாரிடம் என்ன சொல்வாய், மூன்று வரிக்குள் எழுது.

பெரும்பாலான பிள்ளைகள் மருந்து, 42 மணி நேரம், கல்லறை என்று முழுத் திட்டத்தையும் எழுதி அஞ்சாறு வரி தாண்டிவிடுவார்கள். ரகசியத்தை வேலைக்காரனிடம் சொல்லலாமா என்று பயந்து எதுவுமே எழுதாமல் வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்குப் பாதிரியாரை நன்றாகவே புரிந்திருக்கிறது. போன வருடம் ஒரு தாளில் இருந்தது இது: ‘பால்தசார், இந்த வாரம் வெரோனாவில் எதைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும், குதிரை ஏறுவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.’

பத்துக்குப் பத்து போட்டேன்.